போன் நம்பர் மட்டும் போட்டா எங்க அம்மா எப்படி கூப்பிடுவாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல உள்பக்கத்துல ஓரமா ஒரு சின்ன அறிவிப்பு வந்திருந்துச்சு. காது கேக்காதவங்களுக்கு செக் பண்ணி ஹியரிங் எய்ட் குடுக்குற கேம்ப், வர்றவங்க முன்கூட்டியே பேர் குடுக்கணும், அதுக்கு கீழ ஒரு லேண்ட்லைன் நம்பர். அவ்வளவுதான். வாட்ஸ்அப் நம்பர் இல்ல, மெசேஜ் அனுப்பலாம்னு ஒரு வரி இல்ல. எங்க அம்மா அதை கத்தரிச்சு எடுத்து டிவி மேல வச்சிருந்து, நான் வேலை முடிஞ்சு உள்ள நுழைஞ்சதும் என் முன்னாடி நீட்டி, அந்த நம்பர் மேல விரலை வச்சு, புருவத்தை தூக்கி, ரெண்டு கையையும் விரிச்சாங்க. இதுக்கு எப்படி போன் பண்றதுன்னு கேக்குறாங்க. அம்மாவுக்கு பிறவியிலேயே காது கேக்காது. அப்பாவுக்கும் அப்படித்தான்.

கேம்ப் நடத்துறவங்க நல்ல மனசோடதான் நடத்துறாங்க, எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா யாருக்காக நடத்துறோமோ அவங்க நம்மகிட்ட எப்படி வந்து சேருவாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிக்காம விட்டுட்டாங்க, ஏன்னா காது கேக்காதவங்கன்னா பக்கத்துல கேக்குற ஆள் ஒருத்தர் கண்டிப்பா இருப்பாங்க, அவங்க பாத்துப்பாங்கன்னு எல்லாரும் மனசுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருக்காங்க. அந்த கேக்குற ஆள் எங்க வீட்டுல நான். இந்த லெட்டரை எழுதுறது அந்த கணக்கை பத்தித்தான்.

எனக்கு இப்ப 34 வயசு. எங்க வீட்டுக்கு நான் ஒரே பொண்ணு. எனக்கு முதல்ல வந்தது கை பேச்சு, வாய் பேச்சு ஆச்சி வீட்டுலதான் வந்துச்சு. ஆறு வயசுல பால்காரர்கிட்ட மாச கணக்கு பேசினேன், எட்டு வயசுல ஹவுஸ் ஓனர் வாடகை கூட்டுறப்போ அப்பாவுக்கும் அவருக்கும் நடுவுல நின்னேன், அவர் கோவமா சொன்னதை அப்படியே சொல்றதா குறைச்சு சொல்றதான்னு அந்த வயசுலயே நானே முடிவு பண்ணிட்டு இருந்தேன். என் பள்ளிக்கூடத்துல பேரன்ட்ஸ் மீட்டிங்னா டீச்சர் என்னை பத்தி சொல்ற குறையை நானே அம்மாவுக்கு சொல்லணும். காது கேக்காத அப்பா அம்மாவுக்கு பிறந்த யாரை கேட்டாலும் இதே மாதிரி பத்து கதை சொல்வாங்க.

நிறைய பேர் என்கிட்ட கேக்குறது, எழுதி காமிச்சா போதுமேன்னு. போதாதுங்க. எங்க அம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, பேப்பர்ல தேதி, விலை, ஊர் பேரு எல்லாம் படிச்சுடுவாங்க, தெரிஞ்ச விஷயம்னா நாலு வரி சேர்த்தும் புரிஞ்சுப்பாங்க. ஆனா "மேற்படி சிகிச்சையினால் ஏற்படக்கூடிய பின்விளைவுகளுக்கு"னு ஒரு வரி வந்தா அவ்வளவுதான். நமக்கு தமிழ் காது வழியா உள்ள வந்து, அப்புறமா எழுத்து வந்துச்சு, அவங்களுக்கு தமிழ் எழுத்து மட்டும்தான், சத்தமே இல்லாம கத்துக்கிட்ட ரெண்டாவது மொழி. அவங்களோட சொந்த மொழி சைகை மொழி, அதுக்கு தனி இலக்கணம் இருக்கு. "நீ எங்க போற"ன்னு நாம கேக்குறத அவங்க "நீ – போ – எங்க"ன்னு கேப்பாங்க, கேள்வி வார்த்தை கடைசியில வரும், புருவமும் சேர்ந்து கேக்கும். நாம "எனக்கு, உனக்கு, அவன்கிட்ட"ன்னு உருபு போட்டு சொல்றது அங்க கை போற திசையில இருக்கு. குடுங்கிற சைகை என் பக்கமிருந்து உங்க பக்கம் போனா நான் உங்களுக்கு குடுத்தேன், உங்க பக்கமிருந்து என் பக்கம் வந்தா நீங்க எனக்கு குடுத்தீங்க. இவ்வளவு நுணுக்கமான ஒரு மொழியை சும்மா கை ஆட்டுறாங்கன்னு சொல்றப்போ எனக்கு அழுகையே வரும்.

அடுத்தது உதட்டை பாத்து புரிஞ்சுக்கலாமேன்னு சொல்வாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு பணம்னு ஒரு தடவை, மணம்னு ஒரு தடவை சத்தம் இல்லாம சொல்லி பாருங்க, உதடு ரெண்டுக்கும் ஒரே மாதிரித்தான் சேர்ந்து பிரியும். 'க'ங்கிற சத்தம் தொண்டைக்குள்ளயே நின்னுடும், வெளிய எதுவுமே தெரியாது. மீசை வச்சவர், வெத்தலை போட்டவர், ஜன்னலுக்கு முதுகை காட்டி உக்காந்து முகமே இருட்டா தெரியுறவர்னா அதுவும் போச்சு. கொரோனா நேரத்துல ஊரே மாஸ்க் போட்டப்போ அம்மா மளிகை கடைக்கு கூட தனியா போக மாட்டேன்னு உக்காந்துட்டாங்க. 1880ல மிலான்ல காது கேக்காத பிள்ளைங்களோட வாத்தியார்கள் கூடி, பேச்சு வழியாத்தான் பாடம் நடத்தணும், சைகை கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க, எங்கேயோ இத்தாலியில போட்ட அந்த தீர்மானம் உலகம் பூரா பரவி, அம்மா படிச்ச பள்ளிக்கூடத்துல கையை தூக்கினா ஸ்கேல் அடி விழுற வரைக்கும் வந்துச்சு. (இப்ப நாங்க இருக்குற பாளையங்கோட்டையில ப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேக்காத பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சு நூறு வருஷத்துக்கு மேல நடக்குற பள்ளிக்கூடம் இல்ல இது, வேற ஊரு.)

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

நான் ஏழாவது படிக்கிறப்போ அம்மாவுக்கு மாசக்கணக்குல ரத்தப்போக்கு நிக்காம போச்சு. அப்போ நாங்க வேற மாவட்டத்துல இருந்தோம், எந்த ஆஸ்பத்திரினு சொல்ல விரும்பல. ஸ்கேன் எல்லாம் எடுத்துட்டு டாக்டரம்மா என்னை பாத்து, "பாப்பா, அம்மாகிட்ட சொல்லு, கர்ப்பப்பையில கட்டி இருக்கு, கர்ப்பப்பையையே எடுத்துடணும், இனிமே குழந்தை பிறக்காது, சம்மதமான்னு கேட்டு இதுல கையெழுத்து வாங்கு"ன்னு சொன்னாங்க. வெளிய இன்னும் ஐம்பது பேர் நின்னுட்டு இருந்தாங்க. எனக்கு 12 வயசு. கர்ப்பப்பைக்கு சைகை எனக்கு தெரியாது, ஏன்னா எங்க வீட்டுல அம்மா என்கிட்ட அந்த வார்த்தையை பேசினதே இல்ல. குழந்தை பிறக்காதுங்கிறதை அப்பா முன்னாடி, நர்ஸ் முன்னாடி, ஒரு வார்டு பாய் வேற நின்னுட்டு இருக்க, கையில சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. நான் "வயிறு – கட்டி – வெட்டி எடுப்பாங்க – சரியாயிடும்"னு சொன்னேன். அம்மா சிரிச்சுக்கிட்டே கையெழுத்து போட்டாங்க.

அவங்களுக்கு எனக்கு ஒரு தம்பி வேணும்னு ஆசை. ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு மாசம் கழிச்சு, ஏன் இன்னும் மாதவிலக்கு வரலைன்னு காது கேக்காதவங்க சங்கத்து கூட்டத்துல ஒரு பெரியம்மாகிட்ட கேட்டப்போ, அந்த பெரியம்மா ஆஸ்பத்திரி சீட்டை வாங்கி படிச்சு புரிய வச்சிருக்காங்க, அவங்களுக்கும் காது கேக்காதுதான், ஆனா நல்லா படிச்சவங்க. அன்னைக்கு அம்மா வீட்டுக்கு வந்து என்னை திட்டல. அடுப்படியில போய் சுவர் பக்கமா திரும்பி உக்காந்துகிட்டாங்க. சைகை பேசுறவங்க நமக்கு முதுகை காட்டிட்டா அப்புறம் நம்மால அவங்ககிட்ட ஒண்ணுமே சொல்ல முடியாது. நான் பின்னாடி நின்னுட்டே இருந்தேன்.

அந்த டாக்டர் கெட்டவங்கன்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல. ஆபரேஷன் தேவைதான், பண்ணலைன்னா அம்மா பிழைச்சிருக்க மாட்டாங்கன்னு அப்புறமா வேற டாக்டரும் சொன்னார். ஆனா அது அம்மாவோட உடம்பு, அவங்க தெரிஞ்சு சம்மதிச்சிருக்கணும், ஒரு பன்னெண்டு வயசு பிள்ளையோட வெக்கத்துல அது மாட்டியிருக்க கூடாது.

சரி அது பழைய கதை, சட்டம் வர்றதுக்கு முன்னாடி நடந்தது. 2016ல மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்துச்சு, அதுல 'தொடர்பு'ங்கிற வார்த்தைக்கு விளக்கம் எழுதுறப்பவே சைகை மொழியையும் சேர்த்து எழுதியிருக்காங்க, ஆஸ்பத்திரி தடையில்லாம இருக்கணும்னும் இருக்கு. ஆனா போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ஐசியூவுக்குள்ள என்னை விடல. சாயங்காலம் அஞ்சு நிமிஷம் பாக்க விட்டப்போ அப்பாவோட ரெண்டு கையையும் துணியால கட்டிலோட கட்டி வச்சிருக்காங்க. கேட்டா, "கையை ஆட்டிட்டே இருக்காரும்மா, ட்ரிப்ஸ் ஊசி பிச்சுக்குது"ங்கிறாங்க சிஸ்டர். அவர் கையை ஆட்டலைங்க, பேசிட்டு இருந்திருக்கார். அவிழ்த்து விட்டதும் அவர் முதல்ல கேட்டது தண்ணி. காலையில இருந்து அதைத்தான் கேட்டுட்டு இருந்திருக்கார். காது கேக்குற ஒருத்தர் வாயை பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைப்பாங்களா? அந்த சிஸ்டர்களுக்கு யாரும் சொல்லித்தரல, சைகை பேசுறவருக்கு ஒரு கையையாவது விட்டு வைக்கணும், ட்ரிப்ஸை அதிகம் பேசாத கையில போடணும்னு. இது சொல்லித்தர பணம் செலவாகாது, ஒரு மதிய நேரம் போதும்.

அதனால சைகையை பேச்சாவும் பேச்சை சைகையாவும் மாத்தி சொல்ற இன்டர்பிரெட்டரை கூட்டிட்டு வர்ற பொறுப்பு நோயாளி தலையில இருக்க கூடாது, ஆஸ்பத்திரியோட பொறுப்பா இருக்கணும். ஸ்கேன் மெஷினை நாம வீட்டுல இருந்து கொண்டு போறோமா என்ன? வீட்டு ஆளை, அதுலயும் சின்ன பிள்ளையை, கையெழுத்து வாங்குற விஷயத்துக்கு கண்டிப்பா உபயோகிக்க கூடாது. பயிற்சி எடுத்த இன்டர்பிரெட்டர் செய்ற வேலையே வேற. அவங்க "இவருக்கு வலிக்குதாம்"னு சொல்ல மாட்டாங்க, "எனக்கு வலிக்குது"ன்னு அவராவே பேசுவாங்க, எதையும் கூட்ட மாட்டாங்க குறைக்க மாட்டாங்க, அங்க கேட்டதை வெளிய மூச்சு விட மாட்டாங்க. டாக்டரும் இன்டர்பிரெட்டர் மூஞ்சியை பாக்காம நோயாளி மூஞ்சியை பாத்து பேசணும். நீளமான கூட்டம்னா ரெண்டு பேர் மாத்தி மாத்தி செய்வாங்க, ஏன்னா ஒரு இருபது நிமிஷம் அரைமணி நேரத்துக்கு மேல மூளை களைச்சுடும். நான் பன்னெண்டு வயசுல நாள் பூரா செஞ்சேன்.

ஆள் எங்கன்னு கேப்பீங்க. உண்மைதான், ரொம்ப கம்மி. ரெண்டு வருஷ டிப்ளமோ இருக்கு, டெல்லியில இந்திய சைகை மொழிக்குன்னே 2015ல ஒரு மத்திய அரசு நிறுவனம் ஆரம்பிச்சாங்க, 10,000 வார்த்தைக்கு வீடியோ அகராதி போட்டிருக்காங்க, அதுல மருத்துவ வார்த்தைகளும் இருக்கு. ஆனா படிச்சுட்டு வர்றவங்களுக்கு நிலையான வேலை இருந்தாத்தானே வருவாங்க? ஒரு விழாவுக்கு கூப்பிட்டு மேடையில நிக்க வச்சு சால்வை போட்டு அனுப்புறாங்க. எங்க மாவட்டத்துல அவசரத்துக்கு கூப்பிட எனக்கு தெரிஞ்சவங்க ரெண்டே பேர், ரெண்டு பேரும் ஸ்கூல் டீச்சர், ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்களை எழுப்ப எனக்கே மனசு வராது.

ஆள் கம்மியா இருக்குறதாலதான் வீடியோ வேணும்னு சொல்றேன். 2023 செப்டம்பர்ல சாரா சன்னினு பெங்களூரு வக்கீல், அவங்களுக்கு காது கேக்காது, சுப்ரீம் கோர்ட்டுல வீடியோ வழியா இன்டர்பிரெட்டரோட ஆஜரானாங்க, அப்போ தலைமை நீதிபதியா இருந்த சந்திரசூட் இன்டர்பிரெட்டரையும் ஸ்க்ரீன்ல விடச்சொன்னார். நாட்டோட பெரிய கோர்ட்டுல வீடியோவுல முடியுதுன்னா மாவட்ட ஆஸ்பத்திரி ஓபியில ஏன் முடியாது? மாநிலத்துக்கு ஒரு சென்டர், அதுல ஷிப்டு போட்டு 24 மணி நேரமும் இன்டர்பிரெட்டர்கள், ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலயும் போலீஸ் ஸ்டேஷன்லயும் கலெக்டர் ஆபீஸ்லயும் ஸ்டாண்டு வச்ச ஒரு டேப்லெட். காது கேக்காதவர் வந்து நின்னா பட்டனை அழுத்தணும், அவ்வளவுதான். எல்லாத்துக்கும் வீடியோ சரிப்படாது, பிரசவ வார்டுல, அடிபட்டு மல்லாக்க கிடக்குறவர்கிட்ட, பார்வையும் குறைஞ்சவர்கிட்ட ஆள் நேர்ல வந்துதான் ஆகணும். ஆனாலும் இன்னைக்கு ஒண்ணுமே இல்லாத இடத்துல அது எவ்வளவோ மேல்.

2011 சென்சஸ்படி நம்ம மாநிலத்துல கேட்கும் திறன் குறைஞ்சவங்க 2.2 லட்சம் பேர், நாடு முழுக்க 50 லட்சத்துக்கு மேல. இது பழைய கணக்கு, அதுவும் வீட்டு வாசல்ல நின்னு கேட்டு எழுதினது, வயசானவங்க நிறைய பேர் சொல்லியிருக்கவே மாட்டாங்க.

போன் விஷயத்தையும் சொல்லிடுறேன். பேங்க்ல இருந்து அப்பாவுக்கு கால் வந்தா நான் எடுக்குறேன், "அக்கவுன்ட் ஹோல்டர் வாய்ஸ் வேணும்"ங்கிறாங்க, அவருக்கு காது கேக்காதுன்னா "அப்ப பிராஞ்சுக்கு வரச்சொல்லுங்க"னு வச்சிடுறாங்க, ஒரு தடவை என்னை மோசடி ஆள்னு நினைச்சு கார்டையே பிளாக் பண்ணிட்டாங்க. கூரியர் தம்பி கீழ நின்னு போன் பண்ணிட்டு எடுக்கலைன்னு திரும்பி போயிடுவார். அமெரிக்காவுல 1990லயே சட்டம் போட்டு போன் கம்பெனிகள் ரிலே சர்வீஸ் நடத்தணும்னு ஆக்கிட்டாங்க, 711 போட்டா நடுவுல ஒருத்தர் வந்து இவர் டைப் பண்றதை அவருக்கு வாசிப்பார், அவர் சொல்றதை இவருக்கு டைப் பண்ணுவார், சைகையிலயும் வீடியோவுல அதே மாதிரி இருக்கு. காது கேக்காதவர் தனியா பணம் கட்ட வேண்டியதில்ல. நம்ம ஊர்ல அவசரத்துக்கு 112 ஆப் இருக்கு, பட்டன் அழுத்தலாம், நல்ல விஷயம், ஆனா உறுதிப்படுத்த திருப்பி போன் வந்தா அப்பா என்ன பண்ணுவார்?

இன்னொரு பக்கமும் இருக்கு. எங்க மாமா பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், அறுபதுக்கு மேல காது மந்தமாகி இப்ப மெஷின் வச்சிருக்கார். அவருக்கு சைகை தெரியாது, இனிமே கத்துக்கவும் மாட்டார், அவருக்கு இன்டர்பிரெட்டரை கொண்டு வந்து நிறுத்தினா பிரயோஜனம் இல்ல. அவருக்கு வேணுங்கிறது எழுத்து. பேச பேச தமிழ்ல எழுத்தா மாத்துற கூகுள் ஆப்பை நான்தான் போன்ல போட்டு குடுத்தேன், வீட்டுக்குள்ள அருமையா வேலை செய்யுது, ஓபி கூட்டத்துல சத்தத்துக்கு நடுவுல மருந்து பேரை தப்பா எழுதிடுது, அதனால மருந்து, வேளை, அளவு இதையெல்லாம் பேனாவால எழுதித்தான் குடுக்கணும். மெஷின் போட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறாங்க, மெஷின் பேச்சை மட்டும் இல்ல, ஃபேன் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெருசாக்கும். கவுன்டர்ல இன்டக்‌ஷன் லூப்னு ஒரு கம்பி வளையம் பதிச்சா டெலிகாயில்னு ஒரு சின்ன கம்பிச்சுருள் உள்ள இருக்குற காது மெஷினுக்கு மைக்ல பேசுறது நேரா போய் சேரும், வெளிச்சத்தம் குறுக்க வராது. அது கூட வேணாம், பேரை கத்தி கூப்பிடுறதுக்கு பதிலா டோக்கன் நம்பரை சிவப்பு லைட்ல காமிச்சா போதும். மாமா மருந்து கவுன்டர்ல ரெண்டரை மணி நேரம் உக்காந்து, பேர் கூப்பிட்டது தெரியாம, மூடுற நேரத்துல வெறுங்கையோட வந்தார்.

கோர்ட், போலீஸ் பத்தி ரெண்டே வரி. வாயால பேச முடியாதவங்க சாட்சி சொல்ல வந்தா கோர்ட் கட்டாயம் இன்டர்பிரெட்டர், இல்லைன்னா மாற்றுத்திறனாளிகளுக்கு சொல்லித்தர பயிற்சி எடுத்த ஸ்பெஷல் எஜுகேட்டர் உதவியோட பதிவு பண்ணணும், வீடியோவும் எடுக்கணும்னு 2013லயே சட்டத்துல திருத்தம் வந்தாச்சு, இப்ப இருக்குற புது சாட்சிய சட்டத்திலயும் அது அப்படியே இருக்கு. ஆனா ஸ்டேஷனுக்கு புகார் குடுக்க போற முதல் நாள்ல உதவி இல்லைன்னா கோர்ட் வரைக்கும் போறது எப்படி?

உங்ககிட்ட மூணு விஷயம் கேக்குறேன் ஐயா. 'ஊமை'ங்கிற வார்த்தையை செய்தியில போடாதீங்க, எங்க வீட்டுல நாள் பூரா பேச்சுதான், ராத்திரி லைட்டை அணைச்சாத்தான் நிக்கும். எந்த அறிவிப்பு வந்தாலும் போன் நம்பர் பக்கத்துல மெசேஜ் அனுப்புற நம்பர் ஒண்ணு குடுங்கன்னு அனுப்புறவங்ககிட்ட நீங்களே கேட்டு வாங்கி போடுங்க, மழை வெள்ள நேரத்துல ஹெல்ப்லைன் போடுறப்போ கட்டாயம். அப்புறம் இந்த வீடியோ இன்டர்பிரெட்டர் சென்டர் பத்தி உங்க நிருபர்கள் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில போய் கேட்டு எழுதணும், நான் மனு குடுத்து நாலு மாசம் ஆச்சு, பதில் வரல, நீங்க கேட்டா பதில் சொல்வாங்க.

அம்மாவுக்கு அடுத்த மாசம் கண்புரை ஆபரேஷன். முகத்தை துணியால மூடி ஆபரேஷன் பண்ற அந்த கொஞ்ச நேரம் அவங்களுக்கு கையும் தெரியாது, உதடும் தெரியாது. இன்டர்பிரெட்டர் ஏற்பாடு பண்ண முடியுமா, ஆபரேஷனுக்கு முன்னாடியே எல்லாத்தையும் விளக்க ஆள் இருக்கான்னு அந்த ஆஸ்பத்திரியில கேட்டேன். "அதான் நீங்க இருக்கீங்களே"ன்னாங்க. நான் லீவு போட்டிருக்கேன். இப்ப ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் நானும் அம்மாவும் உக்காந்து, உள்ளங்கையில விரலால தொட்டு பேசிக்க சின்னதா சில அடையாளம் பழகிட்டு இருக்கோம். ஒரு தட்டுன்னா நான் பக்கத்துல இருக்கேன், ரெண்டு தட்டுன்னா முடிஞ்சிடுச்சு, கட்டை விரலை அமுக்கினா கொஞ்சம் வலிக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை